பச்சை மீனும் பழகிப்போன மூக்கும்

அன்புள்ள பிரபு,

இதை நீ தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். கடையில் பெயின்ட் அடிக்கிறவர்கள் நடுவில் நின்று படிக்காதே. பாதி படித்துவிட்டு உன் அம்மாவுக்குப் போன் போட்டுச் சண்டைக்கும் போகாதே. இதை எழுத வேண்டும் என்று முடிவு செய்த நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. பயமாக இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை காட்பாடி ரோட்டில் நீ கடை திறக்கப் போகிறாய். வினிகர் போட்டுப் பிசைந்த சோற்றின் மேல் பச்சை மீனைச் சீவி வைத்து வேலூர்க்காரர்களுக்குப் பரிமாறப் போகிறாய். பார்க்கிறவர்களெல்லாம் கடை ஓடுமா ஓடாதா என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். எனக்கோ கடை நன்றாக ஓடிவிடுமே என்று பயம். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் உன்னை நம்பி வாயைத் திறப்பார்களே என்று பயம்.

நேரில் சொல்லப் பார்க்காமல் இல்லை. போன வாரம் அதற்காகவே உன் கடைக்கு வந்தேன். தரைக்குப் போட்ட டைல்ஸைப் பார்த்தேன், ஃப்ரீசரைத் தட்டிப் பார்த்தேன், நீ வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன், வந்த விஷயத்தை மட்டும் சொல்லாமல் ஆம்பூர் பஸ்ஸைப் பிடித்தேன். நீ ரோடு வரைக்கும் கூட வந்து, "இன்னாப்பா, இன்னாவோ சொல்ல வந்த மாதிரி இருக்கு" என்றாய். "ஒண்ணுமில்லடா, வெயில் ஜாஸ்தி" என்றேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். இதை நானே கொண்டு வந்து உன் கையில் கொடுத்துவிட்டு, நீ பிரிப்பதற்குள் கிளம்பிவிடுவேன். உன் முகத்தைப் பார்த்தால் மறுபடியும் வெயிலைப் பற்றித்தான் பேசுவேன்.

நம் வீட்டில் மீன் என்று வாயெடுத்தாலே ஆளுக்கொரு கட்சி. உன் அம்மா நாட்றம்பள்ளிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் பிறந்தவள். ஆடு, கோழி என்றால் சட்டியை வழித்து வைப்பாள். மீன் என்றால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். நெத்திலிக் கருவாட்டுக்கு மட்டும் அந்தச் சட்டம் செல்லாது. அவள் அதை வறுக்கிற நாளில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள் என்று நீயே கேலி செய்திருக்கிறாய். "காஞ்சா மணக்குது, பச்சையா இருந்தா நாறுதா?" என்று கேட்டால், "அது வேற, இது வேற" என்பாள். அதற்குமேல் வாதம் கிடையாது. உன் மனைவி ரேவதி பரங்கிப்பேட்டைக்காரி, கடலைப் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் நம் ஊர் மீன் கடைக்குப் போய்விட்டு வெறும் பையோடு திரும்பி வந்தாள். "மாமா, இந்த மீனு கடல விட்டு வந்து எத்தினி நாளாச்சுன்னு அதுக்கே ஞாபகம் இருக்காது" என்றாள். அவளுக்கு மீன் என்றால் விடியும்போது கரைக்கு வந்தது, புளிக் குழம்பில் மறுநாள் வரைக்கும் ஊறியது. நீ பச்சை மீன் என்று ஆரம்பித்ததும், "எங்க ஊர்ல அத பூனைதாங்க திங்கும்" என்றாள். நீ கொஞ்ச நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் மட்டும்தான் எந்தக் கட்சியிலும் இல்லாதவன். வைத்ததைச் சாப்பிடுவேன், உப்பு இல்லையென்றால் மட்டும் கேட்பேன். குறை சொல்லாத மனுஷன் என்று உன் அம்மா வழிச் சொந்தத்தில் எனக்குப் பெயர். அந்தப் பெயரை நான் எப்படிச் சம்பாதித்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சின்ன வயதில் நீ மீன் சாப்பிட மாட்டாய். அரக்கோணத்தில் சித்தி வீட்டுக்குப் போனால் விரால் குழம்பு வைப்பாள். நீ ஒரு துண்டைத் தொட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடியும் கழுவுவாய். ஊர் திரும்புகிற வரைக்கும் விரலை முகர்ந்துகொண்டே வருவாய். அவ்வளவு கூர்மையான மூக்கு உனக்கு. லெதர் படிப்பை முடித்ததும் என்னைப் போலவே தோல் பதனிடுகிற டேனரிக்கு வந்தாய், ஃபினிஷிங் செக்‌ஷனில் தோலுக்குச் சாயமும் பாலிஷும் ஸ்ப்ரே அடிக்கிற இடத்தில் நாலைந்து வருஷம் நின்றாய். பிறகுதான் ஷூ கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர் ஆனாய். ஷூ வாங்க ஜப்பானிலிருந்து வந்த பையரைச் சென்னையில் சாப்பிட அழைத்துப் போனது அந்த வேலையில்தான். அவர் தட்டிலிருந்து ஒரு துண்டு உன் தட்டில் வைத்தாராம், நீ மரியாதைக்காக வாயில் போட்டாயாம், அன்றோடு ஆள் மாறிவிட்டாய். கம்பெனி உன்னை ஜப்பானில் இருக்கிற கோபேவுக்கு அனுப்பியது. திரும்பி வந்தவன் வாயில் வேறு பேச்சே இல்லை. நீ போனில் காட்டிய படங்களைப் பார்த்துவிட்டு உன் அம்மா, "பாவம், அவங்களுக்கு கேஸ் கனெக்‌ஷன் கெடைக்கலையா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். ருசி அவரவர் நாக்கைப் பொறுத்தது, விடு என்று அவளிடம் உனக்காகப் பேசியதும் நான்தான். வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் போய் அந்தச் சமையலைக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றபோதும் உன் பக்கம்தான் நின்றேன். வாங்குவதும் நீ, வெட்டுவதும் நீ, பரிமாறுவதும் நீ, வேறு யார் கையும் படாது என்று பெருமையாகச் சொன்னாய். இப்போது அந்தப் பெருமைதான் என்னைப் பயமுறுத்துகிறது.

வீட்டில் எங்களுக்குச் செய்து காட்டுகிறேன் என்று நீ வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார். ரேவதி பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். நீ சென்னையிலிருந்து சூரை மீனும் சால்மனும் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு ரயிலில் கொண்டு வந்தாய். அரக்கோணம் அவுட்டரில் வண்டியை நிறுத்திப் போட்டுவிட்டார்கள். நீ ஆம்பூர் வந்து சேரும்போது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது, பெட்டியின் அடியில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. சமையலறை மேடையில் வைத்து மூடியைத் திறந்தாய். நாம் இரண்டு பேரும் குனிந்தோம். நீ மூச்சை இழுத்தாய். இழுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். என் முகத்தில் சுளிப்பு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான், "செம ஃப்ரெஷ்ஷுப்பா" என்றாய். உன் முகத்தைப் பார்த்து நானும், "ஆமாண்டா" என்றேன்.

பிரபு, அந்தப் பார்வை என்னுடையது. இருபது வருஷத்துக்கு மேலாக நான் பார்த்துக்கொண்டிருக்கிற பார்வை. வாசனை தெரியாதவன் அடுத்தவர் முகத்திலிருந்து வாசனையைக் கடன் வாங்குகிற பார்வை அது. எனக்கு மூக்கு போய்விட்டது என்று நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. அவள் குழம்பைத் தாளித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள். "வாசம் தூக்குது" என்பேன். அவள் முகம் மலரும். மல்லிகைப்பூவை வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாலும் அதையே சொல்வேன். எனக்கு எல்லாச் சாப்பாடும் உப்பு, புளிப்பு, காரம், பல்லில் கடிபடுகிற விதம், அவ்வளவுதான். குறை சொல்லாத மனுஷனின் ரகசியம் இதுதான்.

நாம் அப்படி மாறி மாறி முகம் பார்த்துக்கொண்டு நின்றபோது, பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த உன் அம்மா உள்ளே வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "இன்னாடா நாத்தம் இது?" என்றாள். நீ சிரித்தாய். "உனக்கு மீனுன்னாலே நாத்தம்தான். கருவாடு மட்டும் சென்ட்டு." அவள் சிரிக்கவில்லை. "டேய், இது அந்த நாத்தம் இல்லடா. சொல்றத கேளு." நீ கேட்கவில்லை. "உனக்குப் பிடிக்காத தொழிலுன்னா நேரா சொல்லிடும்மா, மீன் மேல பழி போடாத" என்று குரலை உயர்த்தினாய். அவளும் கத்தினாள். கடைசியில் கோபித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். மீனைப் பிடிக்காதவள் மீன் நாறுகிறது என்று சொன்னால் அந்த வீட்டில் அதற்கு என்ன மதிப்பு? ஆளுக்கொரு கட்சியாக நின்று இத்தனை வருஷம் விளையாட்டாகச் சண்டை போட்டதில், ஒரு நாள் அவள் உண்மையான எச்சரிக்கை கொடுத்தபோது அதுவும் கட்சிப் பேச்சாகத்தான் நம் காதில் விழுந்தது.

உன் முகம் வாடிப்போனதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் தட்டின் முன் உட்கார்ந்தேன். நீ அழகாகத்தான் செய்திருந்தாய், அதை மறுக்க மாட்டேன். சோற்றுருண்டை, அதன் மேல் சிவப்பாக ஒரு துண்டு, ஓரத்தில் அந்தப் பச்சைக் களிம்பு. "வசாபி ஜாஸ்தி வெச்சுக்காத, ஏறிடும்" என்றாய். நான் சட்னி மாதிரி வழித்து வைத்துக்கொண்டேன். வாயில் போட்டதும் மூக்குத்தண்டு வழியாக நெற்றி வரைக்கும் சுரீரென்று ஏறியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் ஏன் அப்படி அழுதேன் என்று உனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் கழித்து என் மூக்குக்குள் ஏதோ நடந்தது. மூக்கு திரும்பி வந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய்ச் சோப்பை முகர்ந்தேன், காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. காரம் சுட்டதே தவிர வாசனை எதுவும் திரும்பி வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து இன்னொன்று சாப்பிட்டேன். ஜில்லென்று இருந்தது, வழுவழுவென்று இருந்தது, சோறு புளித்தது, சோயா சாஸ் கரித்தது, மூக்கு எரிந்தது. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அந்தப் பிடித்தம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மூக்கு செத்தவனுக்கு இதைவிட நல்ல சாப்பாடு உலகத்தில் கிடையாது. எனக்கு மிச்சமிருக்கிற எல்லாவற்றுக்கும் அதில் தீனி இருக்கிறது. விரல் நாற்றம் போகவில்லை என்று கழுவிக் கழுவி முகர்ந்த பையன், ஃபினிஷிங் செக்‌ஷனை விட்டு வெளியே வந்த பிறகு ஏன் திடீரென்று பச்சை மீனில் விழுந்தான் என்ற கேள்வி அப்போதுதான் எனக்கு வந்தது. ஜப்பான்காரர் அதைச் சாப்பிடுவது வேறு. அவர் மீனைத் துண்டு போடுவதற்கு முன்பே முகர்ந்து பார்த்து வேண்டாம் என்று தள்ளிவிடக்கூடியவர். ருசி தெரிந்து உனக்குப் பிடித்திருந்தால் உன் அம்மாவையும் ரேவதியையும் எதிர்த்து நானே உன் கடை வாசலில் பலகை மாட்டியிருப்பேன். மறுநாள் என் வயிறு கலங்கியது. அது மீனாலா பயத்தாலா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. உனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் உனக்கு இன்னும் தைரியம் வந்துவிட்டதே என்று பயந்தேன்.

இது எப்படி நடந்தது என்று யோசித்தால் பிரியாணியில் போய் நிற்கிறது. நம் பக்கத்தில் பஸ் டேனரிகளைத் தாண்டும்போது வெளியூர்க்காரர்கள் கர்சீஃபை எடுத்து மூக்கில் வைப்பார்கள். நாம் சிரிப்போம். நமக்கு நாற்றமே தெரியாது என்பதை உடம்புத் தெம்பு என்று நினைத்துக்கொண்டோம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் நாட்களில் சாப்பிட முடியாமல் டிபன் பாக்ஸோடு வெளியே ஓடுவேன். எல்லோரும் கேலி செய்வார்கள். என்றைக்கு ஒருவன் தோல் ஊறுகிற தொட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து டப்பாவைக் காலி செய்கிறானோ, அன்றைக்கு அந்த செக்‌ஷனில் சேர்ந்து பிரியாணி வாங்கிப் போடுவார்கள். மூக்கு பிரியாணி என்று அதற்குப் பெயர். "பழகிடுச்சு தோஸ்த், இனிமே உனக்கு பேஜாரே இல்ல" என்று வாணியம்பாடிக்காரரான எங்கள் மேஸ்திரி என் தோளில் தட்டினார். எனக்கு ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது. மூக்கு ஒரேயடியாகச் செத்தது அதற்குப் பல வருஷம் கழித்துத்தான். ஆனாலும் நாற்றம் தெரியாமல் போவதைக் கொண்டாட அன்றைக்கே கற்றுக்கொண்டேன்.

நீ சேர்ந்த புதிதில் ஸ்ப்ரே வாடையில் தலை வலிக்கிறது, வாந்தி வருகிறது என்று வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வாய். மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது என்பாய். சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் வந்து, "இப்பல்லாம் ஒண்ணுமே தெரியலப்பா" என்றாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைத்தெருவுக்குப் போய்ப் பிரியாணி வாங்கி வந்தேன். உனக்கும் மூக்கு பிரியாணி போட்டேன். எலும்பைக் கடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். பிள்ளை ஒண்ணுமே தெரியவில்லை என்று சொல்கிறான், அப்பன் பிரியாணி வாங்கி வைக்கிறான். வேறு ஊரில் எந்தத் தகப்பனும் இப்படிச் செய்திருக்க மாட்டான். டாக்டரிடம் ஓடியிருப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் நான் உறுதியாக நம்பவில்லை. நம்ப விரும்பவில்லை என்று சொல்வதே சரி. ரயில் தாமதம், வெயில், சளி என்று நானே சமாதானம் தேடினேன். பிறகு நீ ஒரு நாள் வந்தபோது உன் அம்மா பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். உனக்கு அது தெரியாது, நீ நேராக வந்து கூடத்தில் உட்கார்ந்து போனை நோண்ட ஆரம்பித்தாய். அடுப்பு காலையிலேயே அணைத்தது. நான் எதிரில் உட்கார்ந்து, "உங்கம்மா கருவாடு வறுக்கிறா போல. மூக்க தொளைக்குது இல்ல?" என்றேன். நீ தலையை நிமிர்த்தவே இல்லை. "ஆமாப்பா, தெருக்கோடி வரைக்கும் வருது" என்றாய்.

நான் எழுந்து சமையலறைக்குப் போய் அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. உனக்கே தெரியாமல் இருக்கலாம். எனக்கும் முதல் சில வருஷம் தெரியவில்லை. இன்றைக்குக் கொஞ்சம் கம்மி, நாளைக்கு வந்துவிடும் என்று ஓட்டினேன். தெரிந்த பிறகு மறைத்தேன். நீ தெரியாத கட்டத்தில் இருக்கிறாயா, மறைக்கிற கட்டத்தில் இருக்கிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் நான் உன்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் மறைத்துக்கொண்டு தோலைப் புரட்டினேன். யாரும் தோலைத் தின்னவில்லை.

உனக்குச் சொல்லாமல் வேலூரில் ஒரு மூக்கு டாக்டரைப் பார்த்தேன். என் மூக்குக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார், சின்னச் சின்ன பாட்டில்களை முகரச் சொன்னார். ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. "எத்தன வருஷமா இப்படி இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "ரொம்ப லேட்டா வந்திருக்கீங்களே" என்றார். கெமிக்கலாக இருக்கலாம், பழைய சளியாக இருக்கலாம், இன்னதுதான் என்று சொல்ல முடியாது என்றார். சின்ன வயதுக்காரர், சமீபத்தில்தான் போயிருக்கும் என்றால் என்ன செய்யலாம் என்று யாரோ ஒருவருக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க பையனா? கூட்டிட்டு வாங்க. சிலருக்கு திரும்பி வரும், சிலருக்கு வராது. லவங்கம், எலுமிச்சம்பழம்னு தினமும் மோந்து பழகுற பயிற்சி இருக்கு. தள்ளிப்போட தள்ளிப்போட கஷ்டம்" என்றார். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். உனக்கு இன்னும் வழி இருக்கலாம் என்றதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் அதிகமானது. நீ கேட்டுக்கொள்ள வேண்டுமே.

நேற்று ரேவதிக்குப் போன் போட்டேன். மருமகளிடம் இப்படிப் பேசலாமா என்று எத்தனையோ தடவை போனை எடுத்து வைத்த பிறகுதான் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன், என் மூக்கையும் சேர்த்து. "மாமா, போன தடவ அவரு வந்தப்ப பாப்பா துணியிலயே ஆயி போய்ட்டா" என்றாள். "இவரு அப்படியே மடியில வச்சு கொஞ்சிக்கிட்டே இருந்தாரு. நான்தான் வந்து பாத்தேன். எங்கம்மா தெரு பூரா சொல்லிட்டாங்க, அருவருப்பே படாத மாப்பிள்ளன்னு. நானும் பெருமையா நெனச்சுக்கிட்டேன் மாமா." பிறகு, "பாப்பா தலைய மோந்து பாருங்கன்னு சொன்னேன். பாத்தாரு. எம் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் நல்லாருக்குன்னாரு" என்றாள்.

நீ பிறந்தபோது எனக்கு மூக்கு இருந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்து, இரண்டு தடவை குளித்துவிட்டு, உன்னைத் தூக்கி உச்சந்தலையை முகர்வேன். பாலும் எண்ணெயும் கலந்து இளஞ்சூடாக ஒரு வாசனை. எனக்கு மறந்துபோன வாசனைகள் எத்தனையோ. மழை பெய்தால் மண் எப்படி மணக்கும் என்று கேட்டால் தெரியாது. உன் தலை மட்டும் நினைவிருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் நான் மிச்ச காலத்தை ஓட்டுகிறேன் என்றால் நீ சிரிக்கக்கூடாது. உன் மகளின் தலையை நீ ஒரு தடவைகூட முகர்ந்ததில்லை, பிரபு. நினைத்துப் பார்த்துக்கொள்ளக்கூட உன்னிடம் ஒன்றும் இல்லை. நாளைக்கு அவள் தூங்குகிற அறையில் கேஸ் கசிந்தாலும் ஒயர் கருகினாலும் நீ பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பாய். இதை எழுதும்போது எழுந்து போய் நம் வீட்டு சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். திறப்பு நாளைத் தள்ளி வை. ஆட்களிடம் ஃப்ரீசர் ரிப்பேர் என்று சொல், அந்தப் பொய்யில் பாவமில்லை. வியாழக்கிழமை காலை அந்த டாக்டரிடம் நம் இரண்டு பேர் பெயரையும் சொல்லி வைத்திருக்கிறேன். ரேவதி பாப்பாவை எடுத்துக்கொண்டு புதன்கிழமை விழுப்புரம் வண்டியில் வருகிறாள். கூட்டிவர நான் போகிறேன். கடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் எந்த மீன் பெட்டியையும் அவள் முன்னால் திறக்காமல் நீ கத்தியை எடுக்கக்கூடாது. அவளுக்கு உன் சாப்பாடு பிடிக்காது, என்றைக்கும் பிடிக்கப் போவதும் இல்லை. அதனால் என்ன? உனக்கு வேண்டியது அவள் நாக்கு இல்லையே. அவள் போதாது என்றால் உன் அம்மா இருக்கிறாள். அவள் வேண்டாம் என்று தள்ளுகிற மீனில் பாதியாவது நல்ல மீனாக இருக்கும். அந்த நஷ்டம் பரவாயில்லை.

நீ இதைக் கசக்கிப் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை கடையைத் திறந்தால் என்ன செய்வேன் என்பதையும் யோசித்துவிட்டேன். கடை வாசலில் வந்து நிற்பேன். முதலில் வருகிற காலேஜ் பெண்ணை நிறுத்தி, "அம்மா, உள்ள இருக்கிறது என் பையன். அவனுக்கு மீன் கெட்டுப் போனா தெரியாது. சாப்பிடாத" என்று சொல்வேன். அடுத்து வருகிறவரிடமும் சொல்வேன். உன் கடை அன்றைக்கே மூடிவிடும். அதற்குப் பிறகு நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய், பாப்பாவை என் மடியில் வைக்க விடமாட்டாய். உன் அம்மாவும் என்னை விட்டுவிடுவாளா என்ன. ஆனாலும் நிற்பேன். யாரோ பெற்ற பிள்ளை உன் தட்டில் சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து, அது உன்னால்தான் என்று நீ வாழ்நாள் முழுக்கச் சுமப்பதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. நீ என்னை வெறுப்பதை எப்படியாவது தாங்கிக்கொள்வேன்.

வியாழக்கிழமை காலையில் டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ என் மேல் கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை, என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் வந்து உட்கார்ந்தாலும் பரவாயில்லை. உன்னை முதலில் உள்ளே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்துவிடு பிரபு.

உன்
அப்பா